மூன்றாவது பெட்டியின் ஆட்டம்

“ஆட்டம்தானே அண்ணாச்சி? நல்லாப் பாத்துட்டுத்தான் சொல்றீயளா?”

“என்ன பாப்பா இப்படிக் கேக்க? போன வாரமும் இதத்தான் கேட்ட, இதத்தான் சொன்னேன். ஆட்டம்தான். சத்தியம் பண்ணட்டுமா?”

“சத்தியமெல்லாம் வேண்டாம். அந்தப் பெட்டி மேல ஏதாவது ஒட்டியிருக்கா, எழுதியிருக்கா?”

“பெட்டி மேல பஞ்சுதான் ஒட்டியிருக்கு. எழுத்தப் பாத்துத்தான் தெரியணுமாக்கும்? பக்கத்துல போய் நின்னாலே தெரியுதே.”

“கார்டிங்ல ரெண்டு பெட்டி இருக்குல்ல, அது மாதிரியேதானா?”

“அதுல இம்புட்டு இல்ல பாப்பா. இதுல கூட.”

“கூடன்னா? டபுளா?”

“டபுளுக்கு மேலயே வச்சுக்கயேன்!”

அந்தக் குரலுக்குப் பின்னால் மில்லின் இரைச்சல் அருவி விழுவதுபோல் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் எதையும் கேட்க முடியாது என்று இந்துவுக்குத் தெரிந்துவிட்டது. “சரி அண்ணாச்சி, நாளைக்கு நானே வாரேன்!” என்று கத்தினாள். “வா வா, வந்து இதுக்கு ஒரு முடிவு கட்டு!” என்று ராஜபாளையத்திலிருந்து பதிலுக்குக் கத்திவிட்டு ஃபிட்டர் ஐயாதுரை போனை வைத்தார்.

இந்து கையிலிருந்த பேனாவால் மேஜையில் கிடந்த ஜெராக்ஸ் தாளின் ஓரத்தில் ‘ஆட்டம், டபுள்’ என்று எழுதி அடிக்கோடிட்டாள். அடிக்கோடு போட்ட பிறகும் மனசு தெளியவில்லை. பக்கத்தில் போய் நின்றால், பெட்டிக்குள் கம்ப்யூட்டரின் மூளையாக இருக்கிற பிராசஸர் எப்படித் தெரியும்? ஒருவேளை சூடு அடிக்குமோ? பல காலமாக இயந்திரங்களோடு இருப்பவர்களுக்கு அப்படியும் ஒரு வாசனை பிடிபடும் போலிருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அவளுக்குச் சமாதானங்கள் எப்போதும் சீக்கிரம் கிடைத்துவிடும். அதுதான் அவளிடம் இருந்த கோளாறு.

கடை, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது. கடைக்காரன் கௌதம்ராஜ், கிருஷ்ணன்கோவில் காலேஜில் இந்துவுக்கு நாலைந்து வருடம் முன்னால் படித்து முடித்தவன். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று தொடங்கி, சிசிடிவி மாட்டுவது வரை எதெதற்கோ போய், கடைசியில் ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் நல்ல வேலை ஒன்றைப் பிடித்திருந்தான். அந்த மில்லில் மூன்று பெட்டிகள் இருந்தன. எந்த இயந்திரத்தில் எவ்வளவு நூல் ஓடுகிறது, எங்கே இழை அறுகிறது என்று கணக்கெடுத்துத் திரையில் காட்டுகிற பழைய கம்ப்யூட்டர்கள். வயசாகிவிட்டதால் மூன்றும் நேற்று அறுந்த இழையை இன்றைக்குக் காட்டிக்கொண்டிருந்தன. புதிதாக வாங்க வேண்டாம், உள்ளே ஓடும் சிஸ்டத்தை மட்டும் மாற்றினால் போதும், அந்தந்தப் பெட்டிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் செய்து தருகிறோம் என்று கௌதம்ராஜ் வாக்குக் கொடுத்தான். வாக்குக் கொடுத்தது அவன். தைக்க வேண்டியவள் இந்து.

தைப்பதென்றால் கெர்னலை. கம்ப்யூட்டருக்குக் கரண்ட் வந்ததும் முதலில் கண்விழித்து, நினைவகம் எங்கே, திரை எங்கே, டிஸ்க் எங்கே என்று ஒவ்வொருவராகத் தட்டி எழுப்புகிற நிரல் அது. அதை உருவாக்குவதற்கு முன் ஒரு நீலத் திரை வரும். அதில் ஒரு சாம்பல் கட்டம். கட்டத்துக்குள் அது வேண்டுமா, இது வேண்டுமா என்று கேள்வியாய்க் கேட்கும். அவற்றில் முதன்மையான ஒன்று, ‘பிராசஸர் குடும்பம்’. முதல் தடவை அந்தச் சொல்லைப் பார்த்தபோது இந்துவுக்குச் சிரிப்பு வந்தது. மம்சாபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்குகிற புது ஆளிடம் அவளுடைய தெருக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வியும் அதுதான். எந்தக் குடும்பம்?

பதிலாக அங்கே வரிசையாகப் பெயர்கள் நிற்கும். கோர் டூ, ஆட்டம், இன்னும் பல. பொதுவானது என்றும் ஒன்று உண்டு. அது எல்லாவற்றிலும் ஓடும், எதிலும் மூச்சுவாங்காமல் ஓடாது என்பான் கௌதம்ராஜ். அதனால் குடும்பத்தைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் புரிகிற கட்டளைகள் கொஞ்சம் கொஞ்சம் வேறு. ஒரு குடும்பத்துக்கென்று செய்த கெர்னலை இன்னொன்றிடம் கொடுத்தால், தனக்குத் தெரியாத முதல் கட்டளை வந்ததுமே அந்தப் பிராசஸர் நின்றுவிடும். என்ன சொன்னாய் என்று திருப்பிக் கேட்காது. திரை கறுத்துப் போகும், அவ்வளவுதான்.

பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் பிரிவில் இருந்த இரண்டு பெட்டிகளும் ஆட்டம் குடும்பம். அவை இரண்டும் இப்போது சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாவது பெட்டி, நூல் நூற்கிற ரிங் ஃபிரேமின் ஓரத்தில் இரும்புக் கூட்டுக்குள் உட்கார்ந்திருந்தது. வெளியே பார்க்க அதே நிறம், அதே உயரம். போன வாரம் கௌதம்ராஜ் அதற்கான கெர்னலை ஏற்றிய மெமரி கார்டை எடுத்துப்போய் மாட்டினான். திரை கறுத்துப் போயிற்று. அன்றைக்குச் சாயங்காலம் திரும்பி வந்தவன், கார்டை அவள் முன்னால் மேஜையில் வைத்துவிட்டு, “ஏமி இதி?” என்றான், என்ன இது என்று. அவன் தெலுங்கில் ஆரம்பித்தால் மேற்கொண்டு பேசுவதில் பயனில்லை.

தெலுங்கில் கேட்டது போதாதென்று மறுநாள் தமிழிலும் சொன்னான். “இந்து, தப்பா நினைக்காத. இந்த மில்லு வேலைய நம்பித்தான் உன்னை எடுத்தேன். இது கைவிட்டுப் போச்சுன்னா கடையில ஒரு ஆளுக்குத்தான் வேலை இருக்கும். அந்த ஒரு ஆளு நான்தான்.”

அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. கூடப் படித்தவர்கள் பாதிப்பேர் சென்னையிலும் பெங்களூரிலும் ஏதேதோ அறைகளில் அடைந்து கிடக்க, அவள் மட்டும் வீட்டுச் சாப்பாட்டோடு, பஸ் ஜன்னலில் மேற்கு மலையைப் பார்த்துக்கொண்டு, தான் படித்ததைச் செய்கிற ஒரு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். அந்த வேலையை அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்தது என்று வெளியே சொன்னால் யாராவது கண் வைத்துவிடுவார்களோ என்று பயப்படுகிற அளவுக்குப் பிடித்திருந்தது.

எனவே அன்று மத்தியானம் அவள் மறுபடியும் நீலத் திரையின் முன் உட்கார்ந்தாள். குடும்பம்: ஆட்டம். அதில் மாற்றமில்லை, ஐயாதுரை சத்தியம் செய்யவே தயாராக இருந்தார். டபுள் என்றாரே, அப்படியென்றால் பிராசஸருக்குள் இரண்டு கோர், இரண்டு மூளை மாதிரி, இருக்க வேண்டும். போன தடவை அதைத்தான் விட்டுவிட்டோமா? அதைச் சேர்த்தாள். டபுளுக்கு மேலே என்றாரே, நாலா? நாலு வரைக்கும் இடம் விட்டாள். சந்தேகப்பட்டதையெல்லாம் அணைத்தாள், அணைத்ததில் பாதியைப் பயந்துபோய்த் திரும்பப் போட்டாள். கெர்னல் உருவாகத் தொடங்கியது. திரையில் வரிகள் மேலே மேலே ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது, முன்பின் தெரியாத ஊரில் ஒரு பெட்டிக்குள் கண்விழிக்கப்போகிற அந்த நிரலை நினைத்து அவளுக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது. யாருடைய வீடு என்று தெரியாமல் கதவைத் தட்டப்போகிறது.

கடையில் ஆட்டம் குடும்பத்துக் குட்டி லேப்டாப் ஒன்று இருந்தது. கார்டை அதில் போட்டாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் எழுந்து நின்றது. எடுத்துவிட்டு இன்னொரு தரம் போட்டாள். எழுந்தது. போன வாரம் செய்ததும் இதே லேப்டாப்பில் இப்படித்தான் எழுந்தது என்பது ஞாபகம் வந்து, வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

மறுநாள் காலை ராஜபாளையம் பஸ்ஸில் வலது பக்க ஜன்னலில் உட்கார்ந்து போனாள். செண்பகத்தோப்புப் பக்கம் மலையின் பாதியை மேகம் தின்றிருந்தது. மடியில் பை, பைக்குள் ஒரு பழைய கீபோர்டு. கௌதம்ராஜ் போன தடவை கீபோர்டு கொண்டுபோகவில்லை. எதற்கு என்று தெளிவாகத் தெரியாமலேயே அவள் எடுத்து வைத்திருந்தாள்.

மில் மேனேஜர் சேதுபதி நல்ல மனிதர். அதுவே அவளுக்குப் பெரிய சங்கடமாக இருந்தது. அவளை உட்காரச் சொல்லி, டீ வரவழைத்துக் கொடுத்து, பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

“எனக்கு இந்தப் பெட்டி விவகாரம் ஒண்ணும் புரியாதும்மா. நீ ஓடும்னு சொன்னா ஓடும், ஓடாதுன்னு சொன்னா ஓடாது. நீ சொல்றதத்தான் நான் முதலாளிகிட்டச் சொல்லப்போறேன். ஆனா கோயம்புத்தூர்ல இருந்து ஒரு கம்பெனிக்காரங்க நாளைக்குக் காலையில வாராங்க. மூணு பெட்டியையும் கழட்டிப் போட்டுட்டு அவங்க சாமானை வைக்கிறோம்ங்காங்க. நான் சாயங்காலத்துக்குள்ள அவங்களை வா, வராதன்னு ஏதாவது ஒண்ணு சொல்லியாகணும்.”

“இன்னைக்கு ஓடிரும் சார்,” என்றாள் இந்து. நாக்கு தானாகச் சொன்னது.

ரிங் ஃபிரேம் பிரிவின் கதவைத் திறந்ததும் இரைச்சல் வந்து முகத்தில் அறைந்தது. உள்ளே காற்றே வெதுவெதுவென்று ஈரமாக இருந்தது. நீண்ட நீண்ட இயந்திரங்களில் நூற்புக் கதிர்கள் சுற்ற, அவற்றுக்கிடையே நீலக் கோட்டுப் பெண்கள் நடந்துகொண்டே அறுந்த இழைகளை ஒட்டிப் போனார்கள். மூன்றாவது பெட்டி இருந்த ஃபிரேமைப் பார்த்துக்கொண்டிருந்தவள் பெயர் பரிபூரணம். நாற்பது வயசிருக்கும். புருவத்திலும் மூக்குத்தியிலும் பஞ்சு. இந்துவைப் பார்த்ததும் காதருகே வந்து கத்தினாள்.

“ஏட்டி, நீதான் ஆட்டத்தைப் பாக்க வந்த பிள்ளையா?”

“ஆமாக்கா.”

“இம்புட்டுக்காணு இருக்கியேட்டி! ஐயாதுரை அண்ணன் சொன்ன சொல்லுக்கு, நான் யாரோ பெரிய ஆளு வரும்னுல்லா நினைச்சேன். ஸ்பேனர் பையெல்லாம் எங்க?”

“எனக்கு ஸ்பேனர் வேண்டாம்க்கா. இது போதும்,” என்று இந்து கார்டை எடுத்துக் காட்டினாள்.

பரிபூரணம் அந்த நகத்தளவுத் தகட்டைக் குனிந்து பார்த்தாள். பிறகு இந்துவின் முகத்தைப் பார்த்தாள். “இத வச்சா நின்னுருமா?”

“ஏன்க்கா நிக்கணும்? ஓடும்.”

“ஓடுமா?”

“போன தடவை நின்னு போச்சு. இந்தத் தடவை நிக்காது.”

பரிபூரணத்தின் முகத்தில் இருந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. “போன தடவை எப்பட்டி நின்னுச்சு? நான் இங்கனதான இருந்தேன்,” என்றாள். அதற்குள் எங்கோ ஓர் இழை அறுந்து அவள் ஓட வேண்டியதாயிற்று. இந்து அவள் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொன்னதில் என்ன தப்பு என்று புரியவில்லை.

ஐயாதுரை வந்தார். போனில் கேட்ட குரலுக்கு ஆள் மிகவும் ஒல்லி. ரிட்டயர் ஆகியும் மில்லில் விடாமல், வருடா வருடம் நீட்டித்து வைத்திருக்கிறார்கள் என்று கௌதம்ராஜ் சொல்லியிருந்தான். சாவி போட்டு இரும்புக் கூட்டைத் திறந்துவிட்டு, கல்யாண வீட்டில் பந்தியைக் காட்டுவதுபோல் கையை நீட்டினார். “ஆரம்பி பாப்பா.”

கார்டைச் செருகினாள். ஸ்விட்சைப் போட்டாள். பெட்டி செய்த கம்பெனியின் சின்னம் திரையில் வந்தது. சின்னம் மறைந்தது. திரை கறுத்தது.

இன்னொரு தரம் போட்டாள். சின்னம், கறுப்பு. கார்டை எடுத்து ஊதி, பஞ்சைத் துடைத்து, அழுத்திச் செருகினாள். சின்னம், கறுப்பு. நேற்றுக் கடையில் அத்தனை சுறுசுறுப்பாக எழுந்தது, இங்கே கண்ணைத் திறக்க மாட்டேன் என்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில் பஸ்ஸில் அதற்கு என்ன ஆகியிருக்கும்? அப்போதுதான் பையிலிருந்த கீபோர்டு ஞாபகம் வந்தது. அதைச் செருகி, சின்னம் வரும்போதே ஒரு பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தினாள். சின்னம் விலகி, பெட்டி தன் ஊர் பேர் சொல்கிற பக்கம் திறந்தது.

பிராசஸர் என்ற இடத்துக்கு நேரே எழுதியிருந்ததை அவள் மூன்று தடவை வாசித்தாள். கோர் டூ.

குடும்பமே வேறு. இரண்டு வாரமாக அவள் வேறு யாருக்கோ சட்டை தைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“அண்ணாச்சி,” என்றாள். “இது ஆட்டமே இல்லையே?”

ஐயாதுரை அவளை விசித்திரமாகப் பார்த்தார். “ஆட்டம் இல்லையா? கையை வையி.”

“எங்க?”

“அந்தா, அந்தத் தகட்டுல. பெட்டிக்குக் கீழ. பயப்படாத, ஒண்ணும் செய்யாது.”

இந்து இரும்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்தாள். விர்ரென்று ஓர் அதிர்வு விரல் வழியாக ஏறி முழங்கைக்குப் போய், தோளைத் தொட்டு, பல்லில் வந்து நின்றது. கையை எடுத்த பிறகும் கை ஆடியது. பக்கத்து ஃபிரேமில் போய் வைத்துப் பார்த்தாள். அது சும்மா லேசாக முனகிக்கொண்டிருந்தது. திரும்ப வந்து இதில் வைத்தாள். டபுளுக்கு மேலேதான்.

“இது என்ன அண்ணாச்சி?”

“ஆட்டம்.”

“இதையா சொன்னீய?”

“நீ எதைக் கேட்ட?”

அவள் திரையைக் காட்டினாள். “அது ஒரு பேரு அண்ணாச்சி. பிராசஸருக்குப் பேரு. ஆட்டம்.”

“ஆட்டம்னு பேரா? அவனுகளுக்கு வைக்க வேற பேரே கிடைக்கலையா?”

“அது இங்கிலீஷ். அணுன்னு அர்த்தம்.”

“அப்ப அணுன்னே கேட்டிருக்கலாமே பாப்பா.”

“அணுன்னு கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீய?”

“கூடங்குளத்துல போயிக் கேளுன்னு சொல்லியிருப்பேன்.”

இந்துவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுதுவிடுவோம் என்றும் தோன்றியது. “கார்டிங்ல இருக்கிற ரெண்டும் அந்த ஆட்டம்தான் அண்ணாச்சி. இதுவும் பாக்க அதே மாதிரித்தான இருக்கு?”

“கூடு அதேதான். ஆனா இது முந்தி ஒரு தடவை புகைஞ்சு போச்சு. மதுரையில இருந்து ஒருத்தன் வந்து உள்ள இருந்ததையெல்லாம் அள்ளிட்டு வேற என்னமோ வச்சுட்டுப் போனான். அத நீ கேக்கலையே.”

கேட்கவில்லை. ஆட்டமா என்று கேட்டாள், ஆட்டம் என்றார். பெட்டியைப் போல இரண்டு பேரும் தெரியாத சொல்லுக்கு நின்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! புரிந்துவிட்டது என்றே இரண்டு பேரும் நம்பினார்கள்.

ஐயாதுரை இப்போது ஏமாந்த குரலில் பேசினார். “அப்ப நீ இந்த ஆட்டத்துக்கு வரலையா?”

“இல்ல அண்ணாச்சி.”

“ஆறு மாசமா சொல்லிட்டிருக்கேன் பாப்பா. பேரிங் போச்சு, மாத்துங்கன்னு. அத மாத்தணும்னா ஃபிரேமை நிறுத்தணும். ஆர்டர் போகுது, பொறவு பாப்போம், பொறவு பாப்போம்னே ஓட்டுதாக. ஆட்டத்துல இழை அறுந்துட்டே இருக்கு, அந்தப் பரிபூரணம் செத்த நேரம் நிக்க முடியாம லோலோன்னு ஓடுதா. யாரும் ஒரு வார்த்தை கேக்கல. நீதான் போன் போட்டுக் கேட்ட. அதுவும் ரெண்டு தடவை. ஆட்டமா, நல்லாப் பாத்தீயளா, டபுளான்னு. நான் வீட்டுலகூடச் சொன்னேன், ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு பிள்ளை இருக்கு, அம்புட்டு அக்கறையாக் கேக்குன்னு.”

இந்து வெளியே வந்தாள். சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் கொஞ்சம் சத்தம் குறைவாக இருந்தது. கௌதம்ராஜைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். ஆட்டம், ஆட்டம் என்று அவள் சொல்லச் சொல்ல, மறுமுனையில் எது எந்த ஆட்டம் என்று அவனுக்கும் குழம்பியது. ஒருவழியாகப் புரிந்தது.

“அண்ணே, தப்பு என் மேலதான். கோர் டூவுக்கு மாத்தி இன்னொண்ணு பண்ணினா ஓடிரும். கடைக்கு வந்து பண்ணணும், பொறவு திரும்ப இங்க வரணும். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள முடியாது. சார்கிட்ட ஒரு நாள் கேட்டுப் பாக்கட்டுமா?”

“தப்பு நம்ம மேலன்னு சொல்லிட்டு ஒரு நாள் கேட்டா யாரு குடுப்பா? ஃபிட்டரு தப்பாச் சொல்லிட்டாருன்னு சொல்லு. உண்மையும் அதானே? நீ கேட்ட, அவரு ஆட்டம்னாரு. அவ்வளவுதான். நம்ம பேரு கெடாது.”

“அவரு பேரு கெடும்ல?”

“இந்து,” என்றான் கௌதம்ராஜ் மெதுவாக. அவன் மெதுவாகப் பேசினால் அதுதான் கடைசிப் பேச்சு. “இந்த வேலை போச்சுன்னா உனக்கு நாளையில இருந்து என்ன வேலை குடுக்கன்னு நீயே சொல்லு.”

அவள் திரும்பி உள்ளே போனாள். இரும்புக் கூடு திறந்தபடியே கிடந்தது. ஐயாதுரை அதன் பக்கத்தில், பள்ளிக்கூட வாசலில் பிள்ளையை எதிர்பார்ப்பவர்போல் நின்றிருந்தார்.

“உன் ஓனரு என்ன சொல்லுதாரு? என் பேரு வருதா?”

அவள் கறுத்த திரையின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுவே பதிலாகிவிட்டது. அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

“வருமுன்னு நினைச்சேன். மார்ச்சு வந்தா எக்ஸ்டென்ஷனுக்குக் கையெழுத்துப் போடணும். சரி, அது கிடக்கு.” ஐயாதுரை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவள் காதுப் பக்கம் குனிந்தார். “பாப்பா, நான் ஒண்ணு கேக்கேன். இந்தப் பெட்டி எழும்பாததுக்குக் காரணம் ஆட்டம்னு சொன்னா என்ன?”

“எந்த ஆட்டம்?”

“இந்த ஆட்டம்! ஃபிரேமு கிடந்து இந்த ஆட்டம் ஆடுது, அதுல உக்காந்திருக்கிற கம்ப்யூட்டரு எப்படி எழும்பும்? நான் சொன்னா கேக்க மாட்டாக. நீ சொன்னா கேப்பாக. அவிய உன்னை நம்புதாக. ஆட்டத்தை நிறுத்தாம இது ஓடாதுன்னு நீ ஒரு சொல்லு சொல்லு, இன்னைக்கே ஃபிரேமை நிறுத்திப் பேரிங்கை மாத்துவாக. அதுக்கு ரெண்டு நாள் ஆகும். அந்த ரெண்டு நாள்ல நீ உன் கடையில போயி, அந்த இன்னொரு குடும்பம் என்னமோ சொன்னியே, அதப் பண்ணிக் கொண்டாந்துரு. பெட்டியும் ஓடும். பரிபூரணமும் செத்த நேரம் உக்காருவா. உன் பேருக்கும் கெடுதல் இல்ல, என் பேருக்கும் கெடுதல் இல்ல. யாருக்கு நட்டம்?”

இந்து யோசித்தாள். யாருக்கு நட்டம் என்று தேடிப் பார்த்தாள், உடனே ஒருவரும் அகப்படவில்லை. அது பொய்யா என்று அடுத்துத் தேடினாள். கையை மறுபடியும் தகட்டில் வைத்தாள். இந்த நடுக்கத்தில் கார்டு இடம் நகராது என்று அவளால் சொல்ல முடியுமா? சொல்ல முடியாது. கம்ப்யூட்டர் எழும்பாததற்குக் காரணம் ஆட்டம் என்று யாராவது அவளிடம் கேட்டால், ஆமாம், ஆட்டம்தான் என்று சத்தியமே பண்ணலாம். எந்த ஆட்டம் என்று அவர்கள் கேட்காதவரைக்கும். அந்தச் சொல் அவளை இதில் கொண்டுவந்து மாட்டிவிட்டது, இப்போது அதுவே வெளியே போகும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் டீ வரவழைத்துக் கொடுத்த மனிதர் நிற்கிறார். எனக்கு ஒண்ணும் புரியாதும்மா, நீ சொல்றதத்தான் நான் சொல்லப்போறேன் என்றவர். புரிந்த ஒருவரிடம் பொய் சொல்வது வேறு. இது வேறு. வேறா? அதுவும் சரியாகத் தெரியவில்லை. இழை அறுந்த இடத்துக்கு ஓடிய பரிபூரணம், திரும்பி ஓடி வருகிற வழியில் இவர்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடுத்த அறுந்த இழைக்கு ஓடினாள்.

பிரிவின் அந்தக் கோடியில் கதவு திறந்தது. சேதுபதி வந்தார். வருகிற வழியில் தரையில் கிடந்த ஒரு நூல் பாபினைக் குனிந்து எடுத்து, கூடையில் போட்டுவிட்டு வந்தார். கிட்டே வந்ததும் கறுத்த திரையைப் பார்த்தார், திறந்து கிடந்த கூட்டைப் பார்த்தார், தகட்டின் மேல் இருந்த இந்துவின் கையைப் பார்த்தார். கோபம் இல்லை. முகத்தில் ஒரு நம்பிக்கைதான் இருந்தது.

“என்னம்மா, என்ன பிரச்சினை? சொல்லு.”

இந்து கையை எடுக்கவில்லை. ஐயாதுரை அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, மேனேஜருக்குக் கேட்காத குரலில், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

“ஆட்டம்னு சொல்லிரு பாப்பா. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம், ஆட்டம்னு மட்டும் சொல்லிரேன்.”